சிறிய வீட்டில் மாதிரி ரயில் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு செங்கோட்டையில். பட்டாசல் (முன்கூடம்), ஓர் அறை, அடுக்களை, பின்னால் ஒரு சாய்ப்பு. ஆள் ஐந்து பேர். இந்த இடத்துக்குள்தான் பதினோரு வருடமாக என் மாதிரி ரயில் ஓடுகிறது. தெருக்காரர்கள், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், மகனின் கூட்டாளிகள் என்று பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் எங்கள் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையிலிருந்து வரும். உங்கள் ஊர்ப் பாதை வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் இடமே இல்லை. இது எங்களுக்கு ஆகுமா?

ஆகும். 30 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் கிடைத்தால் போதும். ஒரு புத்தக அலமாரித் தட்டின் அளவுதான். கட்டிலுக்கு மேலே உள்ள சுவர், பீரோவின் தலை, கட்டிலுக்கு அடி, துணி மடித்து வைக்கும் பெஞ்சு: இவற்றில் ஏதாவது ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு.

டேப் பிடித்து இடத்தை அளப்பதோடு, அந்த இடம் எந்த நேரத்தில் யாருக்கு வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் முதலில் தவறியது இதில்தான். ஆறடிக்கு நாலடியில் ஒரு பலகையைப் பட்டாசலில் போட்டு, பத்து நாள் அப்படியே விட்டுவிட்டேன். எங்கள் ஆச்சி வழக்கமாகப் பாய் விரிக்கிற இடம் அது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுக்களை வாசலில் படுத்துக்கொண்டார். ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது, நிலைப்படியை ஒட்டித் தலையணையை வைத்து அவர் சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன். காலையில் முதல் வேலையாகப் பலகையைப் பிரித்தேன். அப்போதிருந்து எனக்கு ஒரே சட்டம்: எடுத்து விரிக்க ஐந்து நிமிடம், மடக்கி வைக்க ஐந்து நிமிடம். அதற்குள் அடங்காத எதையும் எல்லாரும் புழங்கும் இடத்தில் கட்டுவதில்லை.

வரைபடத்தை எங்கிருந்து தொடங்குவது?

செய்தித்தாளிலிருந்து. நாலைந்து தாளை ஒட்டி, பலகையின் முழு அளவுக்கு வெட்டி, வைக்கப்போகிற இடத்தில் ஒரு வாரம் போட்டு வையுங்கள். பீரோக் கதவு முட்டுகிறதா, நடக்கிறவர்கள் முழங்கை இடிக்கிறதா, ஜன்னல் வழியாகச் சாரல் விழுகிறதா என்பது அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம் அதே தாளின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் தண்டவாளத்தை முழு அளவில் வரையுங்கள். சின்ன நோட்டில் வரைந்த படத்தில் எல்லாமே அடங்குவதுபோலத் தெரியும். முழு அளவில் போட்டால்தான் ஒரு பாயிண்ட், அதாவது ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடம், எவ்வளவு நீளத்தைத் தின்கிறது என்பது விளங்கும்.

இன்னொன்று, கை எட்டும் தூரம். ஒரு பக்கமிருந்து மட்டும் அணுகும் பலகை என்றால் 60 செ.மீ. அகலத்துக்கு மேல் போகாதீர்கள். பின்வரிசையில் தடம் புரண்ட பெட்டியை எடுக்கப் போய் முன்னால் இருக்கும் சிக்னலைச் சட்டையில் மாட்டி உடைப்பது எல்லாருக்கும் நடக்கிறது.

எந்த அளவில் தொடங்கலாம்?

உலகத்தில் அதிகம் புழங்குவது ஹெச்ஓ, அதாவது 1:87; நிஜத்தில் 87 செ.மீ. இருப்பது இங்கே 1 செ.மீ. பிரிட்டனில் ஓஓ, 1:76. இரண்டும் ஒரே 16.5 மில்லி அகலத் தண்டவாளத்தில் ஓடும். அடுத்தது ‘என்’ அளவு: 1:160, தண்டவாளம் 9 மில்லி. இதையே ஜப்பான்காரர்கள் 1:150 என்றும், பிரிட்டனில் 1:148 என்றும் வைத்திருக்கிறார்கள். இன்னும் சிறியது ‘இசட்’, 1:220, தண்டவாளம் 6.5 மில்லி.

எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையில் செய்த நம்முடைய பழைய பெட்டி இரண்டு முனைக்கும் சேர்த்து 22.3 மீட்டர். ஹெச்ஓவில் அது 25.6 செ.மீ.; ‘என்’ அளவில் 14 செ.மீ. நாலு பெட்டியும் ஒரு டீசல் எஞ்சினும் சேர்ந்தால் ஹெச்ஓவில் 122 செ.மீ., ‘என்’ அளவில் 66 செ.மீ. அதாவது ஹெச்ஓவில் ரயில் நிற்கவே ஒரு முழுப் பெஞ்சு தேவைப்படும்.

வளைவு இதைவிட முக்கியம். ஹெச்ஓவில் 22 மீட்டர் பெட்டிகள் ஓட, குறைந்தது 438 மில்லி ஆரம் வேண்டும்; அதற்கும் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த ஆரத்தில் ரயில் அரைவட்டம் அடித்துத் திரும்பப் பலகை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம் வேண்டும். ‘என்’ அளவில் 249 மில்லி, 282 மில்லி ஆரத் தண்டவாளங்கள் எளிதாகக் கிடைக்கின்றன. 249 என்றால் 60 செ.மீ. அகலத்திலேயே ரயில் திரும்பிவிடும்.

எனவே சுற்றி ஓட வேண்டும் என்றால் ‘என்’, சுவர்த் தட்டில் முன்னும் பின்னும் ஷண்டிங் செய்தால், அதாவது பெட்டிகளைக் கழற்றி மாட்டி இடம் மாற்றினால், போதும் என்றால் ஹெச்ஓ என்பது என் கருத்து. ஆனால் யார் கையால் பெட்டிகளைத் தண்டவாளத்தில் ஏற்றப்போகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். என் அப்பாவுக்கு ‘என்’ அளவுச் சக்கரம் கண்ணுக்கே தெரியவில்லை. அவருக்காகவே சுவரில் ஒரு ஹெச்ஓ தட்டு தனியாகப் போட்டேன். சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு அரைமணி நேரம் அவர் அதில்தான் இருப்பார்.

நம்முடையது அகலப்பாதை. கடையில் வாங்கும் தண்டவாளம் பொருந்துமா?

சரியாகப் பொருந்தாது. இந்திய அகலப்பாதை 1676 மில்லி. மாதிரித் தண்டவாளங்கள் 1435 மில்லி பாதையைக் கணக்கில் வைத்துச் செய்தவை. 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.3 மில்லி வர வேண்டும், கிடைப்பதோ 16.5. அதனால் நம் பெட்டி தண்டவாளத்துக்குக் கொஞ்சம் அகலமாகத் தெரியும். நேர் எதிரே குனிந்து பார்த்தால்தான் அது உறுத்தும். பலகையைக் கண் மட்டத்துக்குப் பக்கமாக உயர்த்தி, பக்கவாட்டில் பார்க்கும்படி வைத்தால் யாரும் கவனிப்பதில்லை. அதற்காகத் தண்டவாளத்தைக் கையால் கட்டுகிறவர்கள் உண்டு. முதல் பலகைக்கு அந்த வேலை வேண்டாம்.

பழைய மீட்டர் கேஜ், அதாவது 1000 மில்லி பாதை, வேண்டும் என்றால் கணக்கு அழகாக உட்கார்கிறது. 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5, ஹெச்ஓ மீட்டர் கேஜ் என்றே 12 மில்லி தண்டவாளம் விற்கிறார்கள். 160-ஆல் வகுத்தால் 6.25, ‘இசட்’ தண்டவாளம் 6.5. ஆக, ‘இசட்’ எஞ்சினின் அடிப்பாகத்தின் மேல் ஒய்டிஎம்-4 என்ற மீட்டர் கேஜ் டீசல் எஞ்சினின் உடலைப் பிளாஸ்டிக் ஷீட்டில் செய்து மாட்டலாம். பொறுமை வேண்டும், ஆனால் அளவு கச்சிதமாக வரும்.

செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை முழுப் பாதையையும் செய்ய ஆசை. முடியுமா?

இந்த ஆசை எனக்கும் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ‘என்’ அளவில் அது 300 மீட்டருக்கும் மேல். ஸ்டேஷன் மட்டும் என்றாலும், முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு யார்டு நாலரை மீட்டரைத் தாண்டும். பகவதிபுரம், ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை என்று ஒவ்வொன்றிலும் கையளவு எடுத்து ஆறடிப் பலகையில் அடைத்தால், எந்த ஊரும் அந்த ஊராக இருக்காது. ரயில் ஒரு ஸ்டேஷனில் பாதி நிற்கும்போதே எஞ்சின் அடுத்த ஸ்டேஷனுக்குள் போய்விடும். நான் அப்படி ஒன்று செய்து பார்த்தேன். கழுதுருட்டிக்காரரான என் மச்சான் வந்து பார்த்துவிட்டு, “இதுல எங்க ஊரு எது மாப்பிள?” என்று கேட்டார். விரலால் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

எனவே ஓர் இடம், ஒரு வருடம். இதை மட்டும் யார் கேட்டாலும் அழுத்திச் சொல்வேன்.

இடத்தைத் தேர்ந்தால் பலகை அடங்கும். வருடத்தைத் தேர்ந்தால் செலவு அடங்கும். இந்த மலைப்பாதை 1904-இல் மீட்டர் கேஜாகத் திறந்தது. அப்போது செங்கோட்டையே திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அகலப்பாதையாக்க 2010-இல் மலைப்பகுதியில் ரயிலை நிறுத்தினார்கள். 2018-இல் மறுபடி ஓடியது. நீங்கள் 1950 என்று வைத்தால் நீராவி எஞ்சின், குட்டைப் பெட்டிகள், விளக்குக் கம்பத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. 2005 என்று வைத்தால் மீட்டர் கேஜ் டீசல். 2019 என்று வைத்தால் அகலப்பாதை, மலை ஏறும்போது ரயிலின் பின்னால் தள்ளுகிற பேங்கர் எஞ்சின். வருடம் முடிவாகிவிட்டால் வாங்க வேண்டிய பட்டியலில் முக்கால்வாசி தானாகவே அடிபட்டுப் போகும்.

இடம் என்று கேட்டால் பகவதிபுரத்தைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டுப் பக்கத்தின் கடைசி ஸ்டேஷன். சிறியது. முன்னால் வயல், பின்னால் மலை. அதைத் தாண்டினால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளக் குகை. குகைக்குள் நுழையும் ரயில் எங்கே போகிறது என்பதைப் பார்க்கிறவர் மனம் பார்த்துக்கொள்ளும். பலகை முடிகிற இடத்தை மறைக்க இதைவிட நேர்மையான காரணம் கிடைக்காது.

சுற்றுப்பாதையா, நேர்ப்பாதையா?

வீட்டில் குழந்தைகள் இருந்தால் சுற்று. அவர்களுக்கு ரயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுப்பாதையில் ஒரு குறை, ரயில் போன வழியிலேயே திரும்பி வருவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்கு நான் கண்ட வழியைச் சொல்கிறேன்.

பலகை 180 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், ‘என்’ அளவு. 249 மில்லி ஆரத்தில் ஒரு நீள்வட்டம். பலகையின் நடுவே நீளவாக்கில் 28 செ.மீ. உயரத்துக்கு சன்போர்டு என்ற ஃபோம் பலகையில் ஒரு தடுப்பைச் செருகினேன். ஒரு பக்கம் பகவதிபுரம், இன்னொரு பக்கம் ஆரியங்காவுக் காடு. தடுப்பின் ஒரு முனையில் பாதை ஊடுருவும் இடம் குகை வாய். மறுமுனையில் நிஜத்தில் குகை கிடையாது என்பதால், ரப்பர் மரங்களை நெருக்கமாக வைத்து அந்த ஓட்டையை மறைத்தேன். இந்தப் பக்கம் உட்கார்ந்தால் கேரளம் தெரியாது, அந்தப் பக்கம் உட்கார்ந்தால் தமிழ்நாடு தெரியாது. என் மகன் ஆரியங்காவுப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொள்வான். நான் இந்தப் பக்கமிருந்து ரயிலை அனுப்பினால், குகை வாயில் முகப்பு விளக்கு தெரிந்ததும் “வந்துட்டுப்பா!” என்பான். நீளம் ஆறடிதான். ஆனாலும் அவன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ரயில் வேறு நாட்டிலிருந்து வருகிறது.

பகவதிபுரம் பக்கம் ஒரு லூப் லைன், அதாவது ரயில் ஒதுங்கி நிற்கப் பக்கத்தில் இன்னொரு தடம், வேண்டும் என்பதற்காகத்தான் 180 செ.மீ. வளைவுகள் போக நேராகக் கிடைப்பது ஏறக்குறைய 124 செ.மீ.; இரண்டு பாயிண்ட்டும் சேர்ந்து 34 செ.மீ. போல எடுத்துக்கொண்டால் மீதி 90. நாலு பெட்டி ரயில் தாராளமாக நிற்கும். லூப் வேண்டாம், ரயில் சுற்றினால் போதும் என்றால் 120 செ.மீ. நீளமே போதும்.

சுற்றே இல்லாமல் ஒரு சுவர்த் தட்டில் என்ன செய்ய முடியும்? சலிக்காதா?

சலிக்காது. பிரிட்டனைச் சேர்ந்த ஆலன் ரைட் உருவாக்கிய இங்கில்நூக் என்ற ஷண்டிங் அமைப்பு இருக்கிறது. இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங், அதாவது முட்டி நிற்கும் தடங்கள். ஒன்றில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. பாயிண்ட்டுகளுக்கு இந்தப் பக்கம் எஞ்சினும் 3 வேகனும் மட்டும் நிற்கிற அளவுக்கு ஒரு லைன். மொத்தம் 8 வேகன். ஒவ்வொன்றின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி டம்ளரில் போட்டுக் குலுக்கி, ஐந்து சீட்டு எடுங்கள். எடுத்த வரிசைப்படி அந்த ஐந்து வேகனையும் கோர்த்து ரயிலாக்க வேண்டும். 8-இல் 5-ஐ வரிசை மாற்றி அடுக்கும் வழிகள் 6,720. ஒரு நாளைக்கு ஒன்று என்று ஆடினாலும் பதினெட்டு வருடம் வரும்.

வேகனைக் குட்டையாகத் தேர்ந்தெடுங்கள். நம் பாக்ஸ்-என் கூட்ஸ் வேகன் 10.7 மீட்டர்தான், ஹெச்ஓவில் 12.3 செ.மீ. அதை வைத்து இந்த அமைப்பு ஐந்தரை அடியில் அடங்கும். மீட்டர் கேஜ் காலத்து நாலு சக்கர வேகன் என்றால் இன்னும் சுருங்கும். அப்பாவின் சுவர்த் தட்டு இதுதான். அவர் சீட்டுக் குலுக்குவதற்கென்று ஒரு பழைய பித்தளைச் செம்பு வைத்திருக்கிறார்.

மலைப்பாதை என்றால் ஏற்றம் வேண்டாமா?

சிறிய பலகையில் தண்டவாளத்தை ஏற்றாதீர்கள். மாதிரி எஞ்சின் எடை குறைவு. 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் நாலாவது பெட்டியோடு சக்கரம் வழுக்க ஆரம்பிக்கும். ஒரு பாதை இன்னொன்றின் மேல் போக ‘என்’ அளவில் 5 செ.மீ. உயரம் வேண்டும். 2 சதவீதத்தில் அதற்கு 250 செ.மீ. ஓட வேண்டும், இறங்க இன்னொரு 250. ஆறடிப் பலகையில் எங்கே போவது?

தண்டவாளத்தை மட்டமாக வைத்துவிட்டு நிலத்தை இறக்குங்கள். பலகையின் முன்பகுதியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, 10 செ.மீ. கீழே ஒரு பள்ளம் கட்டுங்கள்; பின்பகுதியில் மலையை 15 செ.மீ. உயர்த்துங்கள். ரயில் அசையாத மட்டத்தில்தான் ஓடும், ஆனால் பார்க்கிறவருக்கு மலையின் இடுப்பில் ஓடுவதாகத் தெரியும்.

கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தை எப்படிச் செய்வது?

புனலூர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் தலையை நீட்டிப் பார்க்கும் பாலம். அளவு தெரியாமல் தவிக்க வேண்டாம். பாலத்தின் மேல் ரயில் இருக்கும்போது ரோட்டிலிருந்து நேராக ஒரு படம் எடுங்கள். பெட்டி ஐசிஎஃப் என்றால் 22.3 மீட்டர் என்பது நமக்குத் தெரியும். படத்தில் ஒரு பெட்டிக்கு அடியில் எத்தனை கண் வருகிறது என்று எண்ணி, ஸ்கேல் வைத்து அளந்தால் கண்ணின் அகலம், தூணின் அகலம் எல்லாம் வந்துவிடும்.

5 மில்லி சன்போர்டில் இரண்டு முகப்பு வெட்டி, நடுவில் இடைவெளிக்குக் கட்டை கொடுத்து ஒட்டுங்கள். வளைவின் உட்பக்கத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை நன்றாக வளையும். கல்லுக்கு, முட்டை வரும் அட்டைத் தட்டைக் கிழித்து 2, 3 மில்லித் துண்டுகளாக நறுக்கி ஒவ்வொன்றாக ஒட்டினேன். அந்த அட்டையின் சொரசொரப்பு கருங்கல்லுக்கு அப்படியே பொருந்துகிறது. நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அதன்மேல் நீர்த்த கறுப்புப் பெயிண்ட்டைத் தடவித் துடைத்து, அடிப்பாகத்தில் மட்டும் பாசிப் பச்சை.

நீளம் போதவில்லை என்றால் ஒவ்வொரு கண்ணையும் கொஞ்சம் ஒடுக்குங்கள், எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூட எண்ணிப் பார்க்கும். ஒன்பது கண்ணோடு நிறுத்தினால் அது வேறு ஏதோ பாலம்.

பலகைக்கு என்ன மரம்?

ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை சாரலோடு காற்று வரும் ஊர் இது. என் முதல் பலகை எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு சீசன் இருந்தது. ஓரம் ஊதி அதிரசம் போல ஆகிவிட்டது. இப்போது 9 மில்லி பிடபிள்யூஆர் பிளைவுட் (ஈரம் தாங்குவது), அடியில் ரீப்பர் சட்டம். பெரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிளைவுட் எங்கள் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. மேலே, கீழே, வெட்டிய ஓரம் என்று எல்லா முகத்துக்கும் வார்னிஷ் அடியுங்கள். ஒரு முகத்தை விட்டாலும் பலகை வளையும். தண்டவாளம் சேரும் இடங்களில் ஒரு போஸ்ட் கார்டு நுழைகிற இடைவெளி விடுங்கள்.

இரண்டாகப் பிரிக்கும் பலகையில் இணைப்பில் ரயில் கவிழ்கிறதே?

பலகைகள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சேர வேண்டும். போல்ட் இழுத்துப் பிடிக்கும். இடத்தைச் சரியாகக் காட்டாது. அதற்கு ஆசாரியிடம் சொல்லி இரண்டு குமிழும் குழியும் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்டவாள முனைக்கு: இணைப்பின் இரு பக்கமும் பலகையில் பித்தளை ஸ்க்ரூ இறக்குங்கள், ஒரு தண்டவாளத்துக்குப் பக்கத்துக்கு ஒன்று. ஸ்க்ரூவின் தலை தண்டவாளத்தின் அடியைத் தொடும்வரை அரைத் திருப்பாகத் திருப்பி ஏற்ற வேண்டும். இணைப்பின் மேல் தண்டவாளத்தை முழுதாகப் போட்டு, நாலு ஸ்க்ரூத் தலையிலும் சால்டர் (ஈயப் பற்று) வையுங்கள். ஆறியபிறகுதான் மெல்லிய ரம்பத்தால் இணைப்புக் கோட்டில் வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டு அப்புறம் சேர்த்தால் ஒருநாளும் நேர் வராது. இந்த ஓர் இடத்துக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்.

கீல் வைத்து மடக்குகிறவர்கள், கீலின் அச்சு தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்கும் உயரே இருக்கும்படி கட்டை கொடுத்து ஏற்றுங்கள். தாழ இருந்தால் மடக்கும்போது தண்டவாள முனைகள் ஒன்றையொன்று முட்டிப் பெயர்ந்துவிடும்.

மின்சாரம்? கரண்ட் போனால்?

ஒரு எஞ்சின் என்றால் சாதாரண 12 வோல்ட் டிசி போதும். ஒரே லைனில் இரண்டு எஞ்சினைத் தனித்தனியாக ஓட்ட, அதாவது முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் பேங்கர் தள்ள வேண்டும் என்றால் டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாடு நல்லது. அதில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி எண் உண்டு, வயரிங்கும் குறையும். சாரல் நாளில் கரண்ட் அடிக்கடி போகும் என்பதால் நான் யுபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட் பேட்டரியோடு ஒரு பிடபிள்யூஎம் வேகக் கட்டுப்பாட்டை இணைத்திருக்கிறேன். நடுவில் 1 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம்.

ராத்திரி சத்தம் வருமே?

பிளைவுட் மத்தளம் மாதிரி அதிரும். தண்டவாளத்துக்கு அடியில் 3 மில்லி கார்க் ஷீட், பலகையின் காலுக்கு அடியில் ரப்பர். சுவர்த் தட்டு என்றால் பிராக்கெட்டுக்கும் பலகைக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு. எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கு மேல் ரயில் கிடையாது. பரீட்சை மாதத்தில் எந்த நேரத்திலும் கிடையாது. இதை நான் போட்டேன், வீட்டார் போடவில்லை.

காடும் வயலும் எப்படி வித்தியாசம் காட்டுவது?

பச்சையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புளியரை, பகவதிபுரம் பக்கம் நெல்லின் இளம்பச்சை, வரப்பில் செம்மண், வெயில் காய்ந்த மஞ்சள். குகையைத் தாண்டினால் கறுப்பு கலந்த பச்சை, ஈரமான பாறை. மரத்தூளைச் சலித்து இரண்டு சாயத்தில் தனித்தனியாகக் காயவையுங்கள். காட்டுத் தரைக்கு வடிகட்டிய தேயிலைத்தூள் அற்புதம். நாலு நாள் நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த பிறகே ஃபெவிகால் தண்ணீரில் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ரப்பர் மரங்கள் வரிசையாக நிற்கும், காட்டு மரங்கள் அப்படி நிற்காது. இதை மாற்றி வைத்தால் மலைக்காரர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். ஸ்டேஷன் போர்டுக்கு நேரில் போய்ப் படம் எடுத்து, எந்த மொழி மேலே, எது கீழே என்று பார்த்துச் செய்யுங்கள்.

ரயில் நின்று நின்று போகிறது. ஏன்?

பத்தில் ஒன்பது முறை தண்டவாள அழுக்கு. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பழைய வேட்டித் துணியில் நனைத்துத் துடையுங்கள்; எஞ்சின் சக்கரத்தையும் சேர்த்து. உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். இரும்புத் தண்டவாளம் எங்கள் ஊர் ஈரத்துக்குத் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் என்று கேட்டு வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் வேறு லேஅவுட் எதையாவது பார்க்க முடியுமா?

புனே போனால் கோத்ரூடில் ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1998-இல் திறந்தது. நம் வீட்டு அளவைவிடப் பெரியது, ஆனால் சிக்னலும் பாயிண்ட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்குவதை அங்கே நின்று பார்க்கலாம். செங்கோட்டைப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கும் வரலாம், ஒன்பது மணிக்குள்.

முதல் மாதம் என்ன வாங்குவது?

ஒரு நல்ல எஞ்சின், இரண்டு பெட்டி, ஒரு மீட்டர் தண்டவாளம், ஒரு பாயிண்ட், ஒரு கன்ட்ரோலர். மலிவான எஞ்சின் இரண்டு வாங்குவதைவிட, நடக்கிற வேகத்தில் மெதுவாக ஊர்ந்து போகிற ஒன்றை வாங்குங்கள். சிறிய பலகையில் வேகத்துக்கு வேலை இல்லை. அதைச் செய்தித்தாளின் மேலேயே வைத்து ஒரு மாதம் ஓட்டுங்கள். அந்த மாதத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் செய்ய நினைக்கும் ஸ்டேஷனுக்கு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போய், பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் எத்தனை மரம் தெரிகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள்.